மரத்தடியும் கல்லூரிதான் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். சொந்த ஊர் பண்ருட்டி பக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து உங்கள் கட்டுரைகளைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் கல்லூரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தி இதழ் வருகிறது. மாணவர் குழுவில் நானும் இருக்கிறேன். எந்த இதழை எடுத்தாலும் குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், தங்கப் பதக்கம், கருத்தரங்கு, விளையாட்டு விழா. போன வருட இதழில் தேதியையும் விருந்தினர் பெயரையும் மாற்றினால் இந்த வருட இதழ் வந்துவிடும். ஹாஸ்டலில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த முறை நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. நோயாளிகளுடன் வந்தவர்கள் அதன் அடியில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அங்கே ஒரு அம்மா. கணவர் ஆர்த்தோ வார்டில் வாரக்கணக்கில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு எந்த கவுன்ட்டரில் சீட்டு, ரத்த ரிசல்ட் எத்தனை மணிக்கு, சுடுதண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று எல்லாம் சொல்வது அவர்தான். அவரைப் பற்றித்தான் எழுதினேன். பொறுப்பு ஆசிரியர் படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஆனா இது காலேஜ் நியூஸ் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடப் படிப்பவர்களோ, படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று தோன்றுகிறது.

மருத்துவக் கல்லூரியில் எதுதான் சார் செய்தி?

(பெயரையும் கல்லூரியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். சில விவரங்களை நான் சுருக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் எழுதியது கல்லூரிச் செய்திதான். முதல் பக்கத்தில் போடலாம். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் ஆசிரியரிடம் பேசும்போது உதவும். அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். அவர் கதவைச் சாத்திவிடவில்லை.

இன்ஜினியரிங் கல்லூரி என்றால் கட்டடமும் ஆய்வுக்கூடமும் ஆசிரியர்களும் இருந்தால் திறந்துவிடலாம். மருத்துவக் கல்லூரியை அப்படித் திறக்க முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்க 420 படுக்கைகள் வேண்டும். 150 பேர் என்றால் 605. படுக்கையை வாங்கிப் போட்டு வைத்தாலும் ஆகாது, 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். கணக்குப் போட்டால், தினமும் ஏறத்தாழ 484 பேர் நோயாளியாகப் படுத்திருந்தால்தான் 150 பேர் வகுப்பில் உட்கார்ந்து படிக்க முடியும். உங்கள் சீட்டு நீட் மதிப்பெண்ணால் கிடைத்தது, உண்மை. ஆனால் அந்த சீட்டு அங்கே இருப்பதற்கே காரணம் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து படுத்திருக்கும் மனிதர்கள். இவர்கள் கல்லூரிக்கு வெளியாட்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

படுக்கையில் இருப்பவர் ஒருவர் என்றால் அவருக்காக வெளியே காத்திருப்பவர் ஒருவராவது உண்டு. அந்த மரத்தடிக் கூட்டம்.

என் அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மரத்தடியில் நானும் படுத்திருந்தவன். அதனால் உங்கள் கட்டுரை என்னவாக இருக்கும் என்று படிக்காமலே ஓரளவு தெரிகிறது. வார்டுக்குள் ஒருவர்தான் இருக்கலாம். பாஸ் ஒன்றுதான். அக்காவும் தம்பியும் வந்திருந்தால் பாஸை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண் தங்க முடியாது. அப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த மகன் என்ன செய்வான்? பக்கத்துப் படுக்கைக்காரரின் மருமகளிடம் "அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படுப்பான். அவர்கள் வேறு ஊர், வேறு சாதி, அன்று காலைதான் முகம் பார்த்தவர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பெரிய கவரில் போட்டு, எறும்பும் ஈரமும் படாமல் மரக்கிளையில் தொங்கும். எது யாருடைய கவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வாசலில் செக்யூரிட்டி வந்து படுக்கை நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால், தூங்குகிறவரை வேறு யாராவது தட்டி எழுப்புவார்கள். போனுக்கு சார்ஜ் போடும் இடம் ஒன்று இருக்கும், அங்கே யார் போனுக்கு முதல் இடம் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கும். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும் வீட்டாருக்குத்தான் முதல் இடம். யாரும் எழுதிவைத்த விதி கிடையாது.

இதைத்தான் கல்லூரிச் சமூகம் என்கிறேன். மாணவர், பேராசிரியர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆயா, சமையல்கட்டுக்காரர், டீக்கடைக்காரர், நோயாளி, கூட வந்தவர் எல்லாரும் சேர்ந்த ஊர் அது. அதில் நீங்கள் எழுதிய அந்த அம்மா, விசாரணை கவுன்ட்டரின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்கு வழி தெரிகிறது என்றால், ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகைகள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நிர்வாகத்துக்கே உபயோகமான செய்தி இது. ஆசிரியரிடம் இந்தக் கோணத்தையும் சொல்லிப் பாருங்கள்.

சரி, விளக்கேற்றும் படங்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு துறை ஆரம்பிக்க பத்து வருடம் அலைந்த பேராசிரியருக்கு அந்தத் திறப்பு விழாப் படம் பெரிய விஷயம். தங்கப் பதக்கம் வாங்கிய பெண்ணின் அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வீட்டில் மாட்டுவார். போடத்தான் வேண்டும். ஆனால் அது மட்டும் போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரமே சாட்சி.

புதுச்சேரியில் மருத்துவப் படிப்புக்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அப்புறம் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, நகரத்தைவிட்டு கோரிமேட்டுக்குப் போனது. 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் வந்து திறந்துவைக்க, ஜிப்மர் என்ற பெயர் வந்தது. 2008இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. பழைய பெயரைப் பக்கத்திலிருக்கும் தன்வந்திரி நகர் இன்னும் வைத்திருக்கிறது.

இவ்வளவும் யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். தேதி இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது. புது ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்தபோது முதல் ஓ.பி. வரிசையில் யார் நின்றார்கள்? முதல் பிரசவத்தைப் பார்த்த நர்ஸ் எந்த ஊர்? வில்லியனூரிலிருந்தும் வானூரிலிருந்தும் மாட்டு வண்டியில் கூட்டி வந்தவர்கள் ராத்திரி எங்கே தங்கினார்கள்? இதெல்லாம் கேட்டால் சொல்ல, அன்று இருபது வயதிலிருந்த யாராவது ஒரு பாட்டியைத்தான் தேடிப் போக வேண்டும். எழுதி வைத்திருந்தால் இன்று ஒரு மாணவர் நூலகத்தில் எடுத்துப் படிப்பார். நீங்கள் இன்று அந்த மரத்தடியை எழுதினால் ஐம்பது வருடம் கழித்துப் படிப்பதற்கு ஒன்று இருக்கும். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அடித்தபோது என்ன நடந்தது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் ஒரே நாளில் புதுச்சேரியை மூழ்கடித்தபோது நைட் டூட்டி முடித்தவர்கள் வீட்டுக்கு எப்படிப் போனார்கள், மாற்று டூட்டிக்கு வர முடியாதவர்களின் இடத்தில் யார் நின்றார்கள்? இதைக் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது. ஃபெஞ்சல் அன்று வேலையில் இருந்த நர்ஸம்மாக்கள் இன்றும் உங்கள் வார்டில் இருப்பார்கள். டீ குடிக்கிற நேரத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

கல்லூரி இதழ்கள் தொடாத இன்னொரு வகைச் செய்தியும் உண்டு, போராட்டம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம், அப்போது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1985இல் அதில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் பழைய மாதிரியே இருந்தது. அப்போது மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க வருடத்துக்குப் பதினான்காயிரத்துக்கும் கீழே. இங்கே ஐந்து லட்சத்துக்கும் மேலே. 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டில் டூட்டி பார்த்த ஹவுஸ் சர்ஜன்களும் அதில் இருந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் போனது. கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

இந்தப் போராட்டத்தை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் கட்டணம் மட்டுமில்லை. கடலூர் மாவட்டத்தில் அந்த ஆஸ்பத்திரியை நம்பியிருப்பவர்கள் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும். பிள்ளைகள் வெளியே உட்கார்ந்திருந்த நாட்களில் இவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது, மாணவர்கள் என்ன கோஷம் போட்டார்கள் என்பதற்குச் சமமான செய்தி. பத்திரிகைகளில் கோஷம் வந்தது. வரிசையில் நின்றவரின் குரலைக் கல்லூரிக்குள் இருப்பவர்தான் பக்கத்தில் போய்க் கேட்டு எழுத முடியும்.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். எதுவெல்லாம் செய்தி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உங்கள் கல்லூரிக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டில் டிசெக்‌ஷன் ஹாலில் நுழைந்த அன்று உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். ஃபார்மலின் நெடியில் கண் எரிய எரிய நின்றிருப்பீர்கள். நீங்கள் அறுத்துப் படிக்க அந்த மேஜையில் உடலாகக் கிடந்தவர் யார்? சிலர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தவர்கள். சிலர் யாரும் உரிமை கேட்டு வராதவர்கள். தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தவரின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். எரிக்கவில்லை, புதைக்கவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு அஸ்தி இல்லை. சொந்தக்காரர்கள் பேசிய பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் முதலாண்டு வகுப்பு முடியும்போது அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யலாம். அவர்கள் சம்மதித்தால் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதலாம். என்ன வேலை பார்த்தார், எதில் ஆசை வைத்திருந்தார், ஏன் உடலைக் கொடுக்க முடிவு செய்தார். யாரும் வராதவர்களுக்காக, பெயர் தெரியாவிட்டாலும், நான்கு வரி. அவர்களிடம்தான் நீங்கள் நரம்பையும் தசையையும் முதலில் படித்தீர்கள். தங்கப் பதக்கம் வாங்கிய மாணவியின் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் பக்கம் வந்தால் அந்த மாணவிக்கும் பெருமைதான்.

அடுத்தது கிராமம். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தை ஆணையம் 2022இல் கொண்டுவந்தது. முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்கள், படிப்பு முடியும்வரை அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். உங்களுக்கும் இருக்கும். இதழ்களில் இது எப்படி வருகிறது? பஸ்ஸுக்கு முன்னால் பேனரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேர் நிற்கும் படம்.

நெல்லிக்குப்பம் பக்கத்தில் என் சொந்தக்காரர் வீட்டில் நான் இருந்தபோது இரண்டு மாணவர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பிரஷர் பார்த்தார்கள். அதிகம் இருந்தது. "மாத்திரை போடறீங்களா பாட்டி?" என்றதற்கு அவர் உள்ளே போய் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாத்திரை, அட்டை அட்டையாகப் பிரிக்காமல் உள்ளே இருந்தது. தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் ஒன்று போடுவாராம். அந்தப் பையன் திட்டவில்லை, பாடம் நடத்தவும் இல்லை. சுவரைப் பார்த்தான். தினசரி காலண்டர் மாட்டியிருந்தது. "இதை யாரு கிழிக்கிறது?" என்றான். பேரன். மூன்றாவது படிக்கிறான், தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவன் உரிமை, வேறு யாரையும் தொட விட மாட்டான். பாட்டிலை காலண்டருக்குக் கீழே இருந்த ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அந்தச் சிறுவனிடம், "நீ தாளைக் கிழிச்சதும் பாட்டிக்கு இதுல ஒண்ணு எடுத்துக் குடுக்கணும், சரியா?" என்றான் மாணவன். பேரன் தலையாட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஊருக்குப் போனபோது விசாரித்தேன். அட்டைகள் காலியாகிக்கொண்டிருந்தன.

எழுதினால் அரைப் பக்கம்தான் வரும். ஆனால் இதைப் படிக்கும் இன்னொரு மாணவர் அடுத்த சனிக்கிழமை தன் குடும்பத்துக்குப் போகும்போது சுவரைப் பார்ப்பார். பேனர் படத்தைப் பார்த்து அவர் எதைக் கற்றுக்கொள்வார்?

மாணவர்களுக்குள் வாழ்க்கை என்று வந்தால், தேறியவர்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறோம். முதலாண்டுத் தேர்வில் சப்ளிமெண்டரி விழுந்த பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள். முதலாண்டைத் தாண்ட நான்கு வாய்ப்புதான் என்ற பயம் ஒரு பக்கம். கூட இருந்தவர்கள் வார்டுக்குப் போகும்போது இவர்கள் அறையில் தனியாக இருப்பார்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு இது இன்னும் கடினம். ஊரில் "டாக்டர் வந்துட்டாரு" என்று கூப்பிடுவார்களே என்று பயந்து பொங்கலுக்குக்கூட வீட்டுக்குப் போகாத பையன்களை எனக்குத் தெரியும். சப்ளிமெண்டரியில் தேறி இன்று நல்ல டாக்டராக இருக்கும் சீனியர்கள் உங்கள் கல்லூரியிலேயே கிடைப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பெயரைப் போட்டு, எப்படித் தோற்றேன், எப்படி எழுந்தேன் என்று எழுதட்டும். அதன் கீழே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 போடுங்கள். எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இந்த ஒரு பக்கத்துக்காகவே இதழை எடுத்து வைத்துக்கொள்பவர் இருப்பார். யார் என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் சறுக்கினால் எல்லாம் போய்விடும். நோயாளியின் பெயர், படம், நோய் மூன்றையும் சேர்த்து எழுதக் கூடாது என்று உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் சின்ன ஊர்கள். 'பண்ருட்டி மார்க்கெட்டில் பலாப்பழக் கடை வைத்திருப்பவர், மூத்த மகள் சென்னையில் நர்ஸ்' என்று எழுதினால் பெயரே தேவையில்லை, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். காசநோய், மனநோய், கருக்கலைப்பு, தற்கொலை முயற்சி இவற்றிலெல்லாம் ஒரு சின்ன அடையாளம்கூட ஒரு குடும்பத்தின் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடும். ஆகவே நோயை எழுதாதீர்கள், காத்திருப்பை எழுதுங்கள். அந்த அம்மாவைப் பற்றி எழுதியதையும் அவரிடமே முதலில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எழுத்தில் சம்மதம் வாங்குவது அப்புறம். வெள்ளை கோட் போட்ட பெண் கேட்டால் இல்லையென்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கும், வார்டில் கணவர் இருக்கிறாரே என்ற பயம் இருக்கும். அதனால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தில் சின்னச் சந்தேகம் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

மொழி விஷயம். உங்கள் கடிதத்தில் இதைக் கேட்கவில்லை, ஆனால் இதழ் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது என்று ஊகிக்கிறேன். வட இந்தியாவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கும்போது ஆங்கிலம் வேண்டும்தான். கூடவே நான்கு பக்கம் தமிழில் போடச் சொல்லுங்கள். அந்த நான்கு பக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஓ.பி. வாசலிலும் அந்த மரத்துக்குப் பக்கத்திலும் ஒட்டுங்கள். புது ஸ்கேன் மெஷின் வந்த செய்தியை இப்போது எப்படிப் போடுவார்கள்? எத்தனை கோடி, யார் திறந்தார். தமிழ்ப் பக்கத்தில் அதை இப்படி எழுதலாம்: எந்தக் கட்டடம், எந்த மாடி, யார் சீட்டு எழுதித் தர வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டுமா, காப்பீட்டு அட்டை செல்லுமா, ரிசல்ட் என்றைக்கு. படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார், நம் ஊரில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கத்துக்குத் தகவல் கொடுக்கவும், தப்பிருந்தால் திருத்தவும், மரத்தடி அம்மாவையே கேளுங்கள். அவரைவிட விவரம் தெரிந்த நிருபர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். வெளி மாநிலத்து மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. முதலாண்டு தொடக்கத்தில் உள்ளூர் மொழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள், வகுப்பில் கற்றது பாதி மறந்திருக்கும். அவர்களில் ஒருவரைத் தமிழ்ப் பக்கத்தில் சேர்த்து, ஆயாக்களிடமும் செக்யூரிட்டியிடமும் பேசித் தகவல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் நோயாளியிடம் ஹிஸ்டரி, அதாவது நோய் விவரம், கேட்டு எடுக்க உங்கள் துணை தேவைப்படாது.

படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். கேஸ் ஷீட் எழுதுவதும் இதே வேலைதான். ஒருவர் சொல்வதை அவர் சொன்ன வரிசையில் கேட்டு, எது முக்கியம் என்று பிரித்து, இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது. மரத்தடியில் உட்கார்ந்து ஒருவரை இருபது நிமிடம் குறுக்கிடாமல் பேசவிட்டவருக்கு வார்டில் அது தானாக வரும். பரீட்சைக்கு முந்தைய மாதம் எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

குழுவிலிருந்து விலகாதீர்கள். ஆசிரியரிடம் போய் 'இதழை மாற்றுங்கள்' என்று கேட்பதைவிட 'கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு இதழுக்கு எங்களிடம் கொடுங்கள், அச்சுக்குப் போகும் முன் உங்களிடம் காட்டுகிறோம்' என்று கேளுங்கள். சமுதாய மருத்துவத் துறையிலும் அனாடமியிலும் யாராவது ஒரு பேராசிரியர் உங்கள் பக்கம் நிற்பார், துறைக்கும் அதில் நல்ல பெயர். அதுவும் முடியாது என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு மெஸ் சுவரில் சார்ட் பேப்பரில் ஒட்டுங்கள். மெஸ்ஸுக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும். அப்புறம், முதலாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவராவது தமிழில் நன்றாக எழுதுகிறவராக இருக்கட்டும். அடுத்த வருடம் உங்களுக்கு வார்டு போஸ்டிங் அதிகமாகிவிடும், இதழை நடத்த ஆள் வேண்டும்.

அன்புடன்,
கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து